சிங்கப்பூர் 1943: நம்பிக்கையும் பாட்டும்

(செப்டம்பர் 10 அன்று திருவனந்தபுரத்தில், தமிழ்த் தோழர்கள் கூடிய நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1943ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் நான்கு இளைஞர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் என்பன அவர்களின் பெயர்கள். பிறப்பால் ஒருவர் முஸ்லிம், இருவர் இந்துக்கள், ஒருவர் சீக்கியர். பிரிட்டிஷ் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. இந்தக் கூட்டம் நடைபெறும் இடத்திலிருந்து வடக்கே, கடற்கரையை ஒட்டிச் சென்றால், அஞ்சுதெங்குக்கு அருகில் வக்கம் கிராமம் இருக்கிறது. காதர் பிறந்த ஊர் அதுதான். 1917இல் பிறந்தவர், கயிறேறும்போது அவருக்கு வயது 26.

கேரளத்துத் தோழர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. தமிழ்த் தோழர்களில் பலருக்குத் தெரியாது. சென்னை மண்ணில் நடந்த மரணம் சென்னைக்காரர்களுக்குத் தெரியாமற் போனது ஏன் என்ற கேள்வியோடு இந்த உரையைத் தொடங்குகிறேன். அதற்குரிய விடையின் ஒரு பகுதி நமது இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றிலும் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

துறைமுக நகரம்

காதர் 1938இல் மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர். அன்றைய திருவிதாங்கூரிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் இலட்சக்கணக்கானோர் அவ்வாறு போனார்கள். தஞ்சை, திருச்சி, சேலம் வட்டாரத்து விவசாயக் கூலிகள் ரப்பர் தோட்டங்களுக்கும், மலையாளிகளில் பலர் சிங்கப்பூரின் செம்பவாங்கில் எழுந்த கடற்படைத் தளத்து வேலைகளுக்கும் சென்றார்கள். சரக்கேற்றிய கைகள், இரும்படித்த கைகள், பால் வெட்டிய கைகள் ஆகியவற்றில் பெரும்பகுதி நம்முடைய கைகள். கிழக்கில் பிரிட்டிஷ் பேரரசின் அசைக்க முடியாத கோட்டை என்று விளம்பரப்படுத்தப்பட்ட சிங்கப்பூர் இக்கைகளின் உழைப்பில்தான் நின்றது.

அந்தக் கோட்டை 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, ஃபாரர் பார்க் திடலில் இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே கூட்டி, ஜப்பானியர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பிரிட்டிஷ் அதிகாரி நகர்ந்துகொண்டார். வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருபுறம், இந்தியச் சிப்பாய் மறுபுறம் என்று ஆயுளெல்லாம் பிரித்தவர்கள், சரணடையும்போதும் பிரித்தே சரணடைந்தார்கள். அந்தத் திடலில்தான் கேப்டன் மோகன் சிங் தலைமையில் இந்திய தேசிய ராணுவத்தின் முதல் விதை விழுந்தது.

அதே வாரங்களில் அதே நகரத்தில் ஜப்பானிய ராணுவம் சீன இளைஞர்களைப் பொறுக்கியெடுத்து ஆயிரக்கணக்கில் கடற்கரைகளில் சுட்டுக் கொன்றது. இதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ஜப்பானிய ஏகாதிபத்தியம் ஆசியாவை விடுவிக்க வந்த சக்தியன்று. எசமானனை மாற்ற வந்த சக்தி. மோகன் சிங்கே ஜப்பானியரின் கைப்பாவையாக இருக்க மறுத்து, 1942 டிசம்பரில் கைதானார். முதல் ராணுவம் கலைந்தது. 1943 ஜூலை 2 அன்று நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூரில் வந்திறங்கிய பிறகே அது மீண்டும் எழுந்தது.

காதர் அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டவர். பினாங்குத் துறைமுகத்தில் பயிற்சி பெற்று, நீர்மூழ்கிக் கப்பலில் ஏறி, 1942 செப்டம்பர் இறுதியில் மலபாரின் தானூர்க் கடற்கரையில் தோழர்களோடு கரையிறங்கி, உடனே பிடிபட்டார். தண்டனை நிறைவேற்றப்படுவதற்கு முன் தந்தைக்கும் உடனிருந்த போனிஃபஸ் என்ற கிறித்துவத் தோழருக்கும் அவர் கடிதம் எழுதினார். ஓர் இந்துத் தோழரோடு சேர்த்து, ஒரே நேரத்தில் தம்மைத் தூக்கிலிட வேண்டும் என்பதே அவருடைய கடைசி விருப்பமாக இருந்தது என்று அவரைப் பற்றிய நினைவுகள் கூறுகின்றன. சாகும்போதுகூட ஒற்றுமையை ஒரு காட்சியாக விட்டுச் செல்ல விரும்பிய மனிதர் அவர்.

ஒரு சொல்லின் பொருள்

நான் தொழிலால் மொழிபெயர்ப்பாளன். கட்சி ஆவணங்களைத் தமிழாக்குவது எனது அன்றாடப் பணி. ஆகவே ஒரு சொல்லைப் பற்றிப் பேச அனுமதியுங்கள்.

இந்திய தேசிய ராணுவத்தின் முழக்கம் மூன்று சொற்களால் ஆனது: இத்திஃபாக், இத்மாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று தமிழில் சொல்கிறோம். முதலும் மூன்றாவதும் எளியவை. நடுவில் இருக்கும் ‘இத்மாத்’ என்ற சொல்லில்தான் மொழிபெயர்ப்பாளன் தடுக்கி விழுகிறான். தமிழில் கடவுள் நம்பிக்கைக்கும் நம்பிக்கை என்றே பெயர். நண்பனை நம்புவதற்கும் நம்பிக்கை என்றே பெயர். இத்மாத் என்பது மத விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லன்று. அதற்கு அம்மொழியில் ‘ஈமான்’ என்ற வேறு சொல் இருக்கிறது. இத்மாத் என்றால் சாய்ந்துகொள்ளுதல். என் முதுகைக் காக்க நீ இருக்கிறாய் என்று ஒருவன் மேல் ஒருவன் பொறுப்பை வைத்தல்.

சீக்கியனும் முஸ்லிமும் இந்துவும் கிறித்துவனும் ஒரே பதுங்குகுழியில் கிடக்கும் படைக்கு, எந்த ஈமானை முழக்கமாக்குவது? எதை ஆக்கினாலும் ஒருவன் வெளியே நிற்பான். ஆகவே மனிதன் மனிதன் மேல் வைக்கும் நம்பிக்கையை முழக்கமாக்கினார்கள். அவரவர் விசுவாசத்தை யாரும் பறிக்கவில்லை. ஆனால் அது படையின் விதியாகவும் இல்லை. வெள்ளையர் ராணுவம் சாதிக்கும் மதத்துக்கும் ஒன்றாகப் பிரித்து வைத்திருந்த சமையற்கூடங்களை இந்த ராணுவம் கலைத்தது. எல்லோருக்கும் ஒரே உலை, ஒரே பந்தி.

வணக்கம் சொல்வதிலும் அப்படித்தான். ஒருவர் ராம் ராம் என்றும், ஒருவர் சலாம் என்றும், ஒருவர் சத் ஸ்ரீ அகால் என்றும் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் ‘ஜெய் ஹிந்த்’ வந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன் அதை உருவாக்கியவர் என்பது பரவலான கருத்து. அதற்கும் முன்பே, இதே திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர் செண்பகராமன் பிள்ளை அதைப் பயன்படுத்தினார் என்று வாதிடுவோரும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பலில் அவர் இருந்தார் என்ற கதையையும் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதற்குச் சான்று இல்லை. வெளிநாட்டில் இருந்தபடி ஏகாதிபத்தியத்தை எதிர்த்த அவருடைய வாழ்க்கைக்குச் சான்று உண்டு. பெருமைக்கு அது போதும். கதையைச் சரித்திரமாக்கும் பழக்கத்தை நமது எதிரிகளுக்கே விட்டுவிடுவோம்.

கோவில் வாசல்

1943ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஆபித் ஹசன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அங்கே செட்டியார்கள் கட்டிய கோவில் ஒன்று உண்டு. தசராவையொட்டி நேதாஜியை அழைக்க அக்கோவிலின் தலைமைக் குருக்கள் வந்தார். பணக்காரர்களின் கோவில் அது. விடுதலைப் படைக்கு அவர்களின் நிதி தேவைப்பட்ட காலமும்கூட. நேதாஜி மறுத்துவிட்டார். இந்துக்களிலேயே மற்றச் சாதியாருக்கு இடமில்லாத, மற்ற மதத்தாருக்கு அறவே இடமில்லாத வாசலில் தாம் கால் வைக்க இயலாது என்பது அவர் சொன்ன காரணம். எல்லோரையும் அனுமதிப்பதாக ஒப்புக்கொண்ட பிறகே சென்றார். முஸ்லிமான ஆபித் ஹசனும் உடன் சென்றார். சீருடையணிந்த அதிகாரிகளும், கறுப்புத் தொப்பியணிந்த தென்னிந்திய முஸ்லிம்களும் நிறைந்திருந்த காட்சியை அக்கோவில் அன்றுதான் கண்டது. எல்லோருக்கும் நெற்றியில் திலகமிட்டார்கள். வெளியே வந்ததும் நேதாஜி அதைத் துடைத்துவிட்டார். ஆபித் ஹசனும் அவ்வாறே செய்தார்.

தோழர்களே, இந்த நிகழ்ச்சியை இரண்டு விதமாகத் திரிக்கலாம். திலகத்தை மட்டும் காட்டி, பார்த்தீர்களா, அவர் எங்கள் ஆள் என்று சொல்வோர் இன்று ஆட்சியில் இருக்கிறார்கள். துடைத்ததை மட்டும் காட்டி, அவருக்கும் மக்களின் வழிபாட்டுக்கும் உறவே இல்லை என்று நம்மில் சிலரும் சொல்லக்கூடும். இரண்டும் பாதி உண்மை. வாசலைத் திறக்கச் செய்தது முதற்காரியம். உள்ளே சென்றது அடுத்தது. வெளியே பொதுவாழ்வில் அடையாளத்தை விலக்கியது மூன்றாவது. இந்த வரிசையை மாற்றாமல் படிக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் நின்று இதைச் சொல்வதற்கு ஒரு தனிப் பொருத்தம் உண்டு. 1924இல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. தமிழகத்திலிருந்து பெரியார் வந்து சிறைபுகுந்தார். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது. அது அரசரின் கருணையால் விளைந்ததன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் கொடுத்த அழுத்தத்தின் விளைவு. இங்கே திறந்த வாசல், கடலுக்கு அப்பால் நம்மவர் பணத்தில் எழுந்த கோவிலில் 1943 வரையிலும் திறக்கவில்லை. சாதி கப்பலேறிச் சென்றிருந்தது.

பாட்டு

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரின் கத்தே அரங்கில் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அரசென்றால் கொடி வேண்டும், பாட்டும் வேண்டும். இரவீந்திரநாத் தாகூரின் ஜன கண மன ஏற்கெனவே நேதாஜியின் விருப்பமாக இருந்தது. 1942 செப்டம்பர் 11 அன்று மற்றொரு துறைமுக நகரமான ஹாம்பர்க்கில் இசைக்குழுவைக் கொண்டு அதை இந்தியாவின் கீதமாக ஒலிக்கச் செய்தவர் அவர். ஆனால் அதன் வடமொழி கலந்த வங்காள நடை சாதாரணச் சிப்பாய்க்கு எட்டாது. ஆகவே அதைத் தழுவி, எளிய இந்துஸ்தானியில் ஒரு பாட்டு எழுதச் செய்தார். எழுதியவர்கள் ஆபித் ஹசனும் மும்தாஜ் ஹுசைனும். இசையமைத்தவர் கேப்டன் ராம் சிங் தாக்கூரி. வங்காளிக் கவிஞரின் பாட்டை முஸ்லிம் தோழர்கள் மொழிபெயர்க்க, தரம்சாலாவைச் சேர்ந்த ஒரு கூர்க்கா மெட்டமைக்க, தமிழ்ப் பெண்கள் பாடினார்கள். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு இதைவிடப் பெருமை தரும் செய்தி வேறில்லை. கோடிக்கணக்கானோருக்குப் புரியாத அழகைவிட, தோட்டத் தொழிலாளிக்கும் புரியும் சொல் மேலானது என்று ஓர் அரசு முடிவு செய்தது.

ராம் சிங் பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்காப் படையில் வாத்தியக்காரராக இருந்தவர். சிங்கப்பூரில் போர்க் கைதியானவர். அவருக்கு நேதாஜி ஒரு வயலினைப் பரிசளித்தார். வன்ஷிதர் சுக்லா எழுதிய ‘கதம் கதம் படாயே ஜா’ என்ற அணிவகுப்புப் பாட்டுக்கு இசை கொடுத்தவரும் அவரே. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு அப்பாட்டைத் தடைசெய்தது. துப்பாக்கியைப் பறித்தது போதாதென்று பாட்டையும் பறித்தார்கள். நாடு விடுதலை பெற்ற வேளையில் செங்கோட்டையில் இசைத்தவர்களுள் ராம் சிங் ஒருவர். பின்னர் லக்னோவில் ஆயுதக் காவற்படையின் இசைக்குழுவில் பணியாற்றி, 2002இல் மறைந்தார்.

பாடியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. தலைமையேற்றவர் மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். தாய்வழியில் பாலக்காட்டு ஆனக்கரைக் குடும்பம். பிற்காலத்தில் கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து, செங்கொடி இயக்கத்தில் இணைந்து, 2002இல் இடதுசாரிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்ற நமது தோழர் கேப்டன் லட்சுமி அவர்தான். அவருடைய படையில் பெரும்பான்மையோர் மலாயாவில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள். பலர் இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள். ஜானகி தேவர், ராசம்மா பூபாலன் போன்ற வசதியான வீட்டுப் பெண்களின் பெயர்கள் வரலாற்றில் நின்றன. பால்மரக் காட்டிலிருந்து வந்த பெண்களின் பெயர்கள் நிற்கவில்லை. அவர்களுக்கு அந்தச் சீருடை என்ன தந்தது? 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. அந்த வேலைநிறுத்தத்தைப் படையை ஏவி நசுக்கினார்கள். தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குனிந்தே வாழ்ந்த அந்தக் கூட்டத்தின் மகள்கள் இரண்டே ஆண்டுகளில் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நிமிர்ந்து நடந்தார்கள். அந்த நடைக்குத் தாளம் வேண்டியிருந்தது. பாட்டு அதைத் தந்தது.

பெரியாயி

இங்கே என் குடும்பத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன். எனது பாட்டியின் தமக்கையைப் பெரியாயி என்று அழைப்போம். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கணவரோடு மலாயாவுக்குப் போய், 1946இல் தனியாகத் திரும்பியவர். மாலையில் விளக்கேற்றியதும் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுப்பார். சிறுவயதில் அதை ஏதோ சாமிப் பாட்டு என்றே நினைத்திருந்தேன். சொற்கள் ஒன்றும் விளங்காது. கால் மட்டும் தாளம் போடும். கல்லூரிக் காலத்தில் பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டபோதுதான் அது ராம் சிங்கின் மெட்டு என்று தெரிந்தது. இந்தி அவருடைய நாவில் உருமாறித் தமிழ்போலாகியிருந்தது.

பெரியாயியின் கணவரை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு, பக்கத்து நகரில் நடந்த கூட்டத்தில், தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்ட பேச்சைக் கேட்டுவிட்டு, தன் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி ராணுவ நிதிக்குக் கொடுத்தவரும் அதே பெரியாயிதான்.

அப்போது நான் கட்சிக்குப் புதிது. படித்ததை அப்படியே ஒப்பிக்கும் வயது. உங்கள் வீட்டுக்காரரைக் கொன்றவனோடு கூட்டுச் சேர்ந்த படைக்கா தோட்டைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஜப்பான்காரன் பாட்டாடா அது? அது எங்க பாட்டு. தோடு அவனுக்குக் குடுக்கல. வெள்ளைக்காரனும் போவணும், இவனும் போவணும்னுதான் குடுத்தேன்” என்றார். ஏகாதிபத்தியங்களுக்கிடையேயான முரண்பாடு என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதைப் பெரியாயி அந்தச் சில வார்த்தைகளில் சொல்லி முடித்தார்.

அவருடைய துயரத்தைப் பாட்டு மூடிவிட அனுமதிக்கக் கூடாது. சயாம் பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம். ஆசியத் தொழிலாளர்களில் மட்டும் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டிருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெரும் பகுதியினர். காலராவும் பட்டினியும் அடியும் தின்ற அந்தப் பாதையின் இரு முனைகள் இணைந்தது 1943 அக்டோபரில். ஆசாத் ஹிந்த் அரசு அறிவிக்கப்பட்டதும் அதே மாதம். கத்தே அரங்கில் கைதட்டல் எழுந்த வேளையில் காட்டில் நம்மவர் பிணங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. இதைச் சொல்லாத நினைவுகூரல் பொய்யானது. ஜப்பானிய ஆயுதத்தின் நிழலில் நிறுவிய அரசால் அந்தத் தொழிலாளரைக் காப்பாற்ற முடியவில்லை என்பது நேதாஜியின் வழியில் இருந்த ஆழமான பலவீனம். அவருடைய நாட்டுப்பற்றை மதிப்பதும், பாசிச நாடுகளோடு அவர் கொண்ட உறவை விமர்சிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல.

நமது கணக்கு

இனி நமது பக்கத்துக் கணக்குக்கு வருகிறேன். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கியபின், அன்றைய கம்யூனிஸ்ட் கட்சி போரை ‘மக்கள் யுத்தம்’ என்று மதிப்பிட்டது. பாசிசத்தை முறியடிப்பதே மனித குலத்தின் முதற்கடமை என்பதில் தவறில்லை. ஸ்டாலின்கிராட் இல்லையேல் இன்று நாம் இங்கே பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஆனால் அந்தச் சரியான உலகப் பார்வையிலிருந்து, நம் நாட்டு மக்களின் கோபத்தைக் காணாத ஒரு தவறான நடைமுறை பிறந்தது. நேதாஜியை ஜப்பானியரின் கைப்பாவையாகச் சித்திரிக்கும் கேலிச்சித்திரங்கள் கட்சி ஏட்டில் வெளிவந்தன. அந்த மதிப்பீடு தவறு என்று பிற்காலத்தில் தோழர் ஜோதிபாசு உள்ளிட்ட தலைவர்கள் வெளிப்படையாகக் கூறினார்கள்.

காதரின் பெயர் தமிழ்த் தோழர்களுக்குத் தெரியாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். நாம் சங்கடப்பட்டு விட்டுவிட்ட நினைவை வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

அதே 1943ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று கண்ணூர்ச் சிறையில் கையூர்த் தோழர்கள் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். மடத்தில் அப்பு, சிருகண்டன், குஞ்ஞம்பு நாயர், அபூபக்கர்: உழவர் இயக்கத்தின் பிள்ளைகள். ஆறு மாதத்துக்குள் சென்னையில் மற்றொரு நால்வர். பாதை வேறு, கொள்கை வேறு; கயிறு திரித்த கை ஒன்றே. அங்கும் ஓர் அபூபக்கர் அப்புவோடு சேர்ந்து சென்றார். இங்கும் ஒரு காதர் அனந்தனோடு சேர்ந்து சென்றார். கையூரை நெஞ்சில் ஏந்திய நாம் வக்கத்தையும் ஏந்தியிருக்க வேண்டும்.

வரலாறு நமக்கு மறுவாய்ப்பைத் தந்தது. நமது முன்னோர் அதைத் தவறவிடவில்லை. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் மீது விசாரணை தொடங்கியபோது, கல்கத்தாத் தெருக்களில் செங்கொடியும் நின்றது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுதலை செய் என்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. காங்கிரஸ் கொடி, முஸ்லிம் லீக் கொடி, செங்கொடி மூன்றையும் சேர்த்தே கப்பல்களில் ஏற்றினார்கள். பெருந்தலைவர்கள் சரணடையச் சொன்னபோது கம்யூனிஸ்ட் கட்சி மாலுமிகளோடு நின்றது. பிப்ரவரி 22 அன்று தொழிலாளர்கள் ஆலைகளை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அந்நாட்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் தொடங்கிய பாட்டின் அடுத்த அடியைப் பம்பாய்த் துறைமுகம் பாடியது.

மலாயாவிலும் அது தொடர்ந்தது. படை கலைந்தபின் ஊர் திரும்பிய சிப்பாய்கள் தோட்டங்களில் தொழிற்சங்கம் கட்டினார்கள். கெடா மாநிலத்தில் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்தார்கள். பட்டுக்கோட்டை அருகேயுள்ள தம்பிக்கோட்டை மண்ணின் மைந்தர், அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த மலாயா கணபதியும் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவரே. 1949 மே 4 அன்று கோலாலம்பூரின் புடு சிறையில் பிரிட்டிஷ் அரசு அவரைத் தூக்கிலிட்டது. அதற்கு முந்திய நாள் தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியா விடுதலையடைந்து ஈராண்டு ஆகவிருந்த நேரத்திலும் இந்தியத் தொழிலாளித் தலைவனுக்கு அதே கயிறு காத்திருந்தது. தேச விடுதலை என்ற சொல்லின் வர்க்க உள்ளடக்கத்தை இதைவிடத் தெளிவாக யாரும் கற்பிக்க முடியாது.

எதை நினைவில் வைப்பது

1945 ஜூலை 8 அன்று சிங்கப்பூர்க் கடற்கரையில் மாண்ட வீரர்களுக்கான நினைவுச் சின்னத்துக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். அந்த மூன்று சொற்களை அதில் பொறித்தார்கள். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி அதைத் தகர்த்தார்கள். 1995இல் அதே இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. கல்லை வெடி வைத்துத் தகர்க்கலாம். பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊரில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கிழவி முணுமுணுத்த மெட்டை எந்த மவுண்ட்பேட்டனாலும் தகர்க்க முடியவில்லை.

இன்று தில்லியில் நேதாஜிக்குச் சிலை வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் அந்தச் சிலைக்கு மாலையிடும் கைகளே குடியுரிமைக்கு மதத்தை அளவுகோலாக்குகின்றன. செட்டியார் கோவில் வாசலில் அவர் விதித்த நிபந்தனையை அவர்களுக்கு நினைவூட்டும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. அதைச் செய்ய வேண்டுமானால், முதலில் அந்த நினைவு நம்மிடம் இருக்க வேண்டும்.

நம்மிடையே மற்றொரு கேள்வியும் உண்டு. நமது கூட்டங்களுக்கு வரும் உழைக்கும் பெண்களில் பலர் விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள், தொழுதுவிட்டு வருகிறவர்கள், பூசைக்குப் போய்விட்டு வருகிறவர்கள். அவர்களிடம் நமது அணுகுமுறை என்ன? நான் பெரியாயியிடம் பேசியதைப் போல ஏளனமா? பொருள்முதல்வாதத்தை நாம் கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஒருவரின் ஈமானை உடைத்துத்தான் அவரிடம் இத்மாத் பெற முடியும் என்று எண்ணுவது பிழை. கோவில் திறக்கவில்லையென்றால் திறக்கப் போராடுவோம். தொழுகைக்கு இடையூறு என்றால் காவல் நிற்போம். தேவாலயம் தாக்கப்பட்டால் முதலில் ஓடிச் செல்வோம். நெற்றியில் குறியோடும் குறியில்லாமலும் வருகிற மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கும் இடமாக நமது சங்கங்களும் கிளைகளும் இருக்கட்டும். இத்மாத் என்ற சொல்லுக்கு நான் கண்ட மொழிபெயர்ப்பு இதுதான்.

ஒரு சிறு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மலாயாவிலிருந்து, பர்மாவிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மூதாட்டிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் கிளைகளில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் என்ன பாட்டு பாடப்பட்டது, யார் ரயில் பாதைக்குப் போனார், யார் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பெண்களின் பெயர்களை எந்த அரசும் பலகையில் பொறிக்கப் போவதில்லை. நாம்தான் எழுத வேண்டும். பெரியாயியிடம் நான் முழுதாகக் கேட்டு எழுதவில்லை. அவர் போய்விட்டார். மெட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது.

வக்கம் அப்துல் காதருக்கும் அவருடைய மூன்று தோழர்களுக்கும், கையூர்த் தியாகிகளுக்கும், மலாயா கணபதிக்கும், சயாம் காட்டில் பெயரின்றி மாண்ட நம் தொழிலாளர்களுக்கும் வீரவணக்கம்!

இன்குலாப் ஜிந்தாபாத்!